கிராமர் புக் மூணு தடவ முடிச்சாச்சு, ஆனா அஞ்சு வரி மெயில்ல அஞ்சு தப்பு

அரைகுறை:
எல்லாருக்கும் வணக்கம். நான் படிச்சது முழுக்க தமிழ் மீடியம். வேலைக்கு வந்தப்புறம் ஒரு கிராமர் புக்க அட்டை டு அட்டை மூணு தடவ படிச்சிட்டேன், 12 டென்ஸையும் தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவேன், ஆனா ஒரு மெயில் எழுத உக்காந்தா எல்லாம் காத்துல போயிடுது. நேத்து எழுதுன மெயில கூட வேலை பாக்குற ஒருத்தர் படிச்சிட்டு "அஞ்சு வரில அஞ்சு தப்பு"ன்னு சிரிச்சிட்டே போயிட்டாரு, என்ன தப்புன்னு மட்டும் சொல்லல. அத அப்படியே கீழ போடறேன். போன்ல கீபோர்டு மாத்தி மாத்தி அடிக்க பொறுமை இல்ல, அதனால இங்கிலீஷயும் தமிழ் எழுத்துலயே அடிச்சிருக்கேன், கோச்சுக்காதீங்க.

"ஐ ஆம் ஒர்க்கிங் இன் திஸ் டீம் சின்ஸ் த்ரீ இயர்ஸ்.
யெஸ்டர்டே ஐ ஹேவ் டிஸ்கஸ்ட் அபவுட் தி ப்ராஜெக்ட் வித் மேனேஜர்.
ஹி டோல்ட் தட் ஐ வில் சென்ட் தி டீடெய்ல்ஸ்.
பட் ஐ டிட் நாட் ரிசீவ்டு எனி இன்ஃபர்மேஷன்ஸ்.
ஐ டோன்ட் நோ வேர் இஸ் தி ஃபைல்."

எல்லா ரூலும் வேணாம் சாமி. எது எது தெரிஞ்சா இந்த மாதிரி மானம் போகாதோ அத மட்டும் சொல்லுங்க.

ராப்பறவை:
ப்ரோ அஞ்சு இல்ல, ஏழெட்டு இருக்கு 😅 ஆனா பயப்படாதீங்க, நானும் போன வருஷம் வரைக்கும் இதே மெயில்தான் எழுதிட்டு இருந்தேன்.

குறுக்குசால்:
கிராமர் புக்க முதல்ல தூக்கி பரண்ல போடுங்க. குழந்தை ரூல் படிச்சிட்டா பேசுது? கேட்டுட்டே இருங்க, பேசிட்டே இருங்க, தானா வரும். இந்த டென்ஸ் டேபிள் மனப்பாடம் பண்ணவங்க யாரும் வாய் திறந்து பேசி நான் பாத்ததில்ல.

வாத்தியார் ஓய்வில்:
குறுக்குசால் தம்பி, குழந்தைக்கு நாள் பூரா அந்த மொழிதான் காதுல விழுது, பேச வேற மொழியும் கிடையாது. இவருக்கு தமிழ்னு ஒன்னு ஏற்கனவே உள்ள முழுசா உக்காந்திருக்கு. அது சும்மா இருக்காது, இங்கிலீஷ் பேசும்போது பின்னாடி இருந்து கைய பிடிச்சு இழுக்கும். 12 டென்ஸ் மனப்பாடம் வேஸ்ட்டுங்கறதுல மட்டும் உங்களோட ஒத்துப்போறேன்.

நிலாமுற்றம்:
வாத்தியார் சொன்னத அப்படியே பிடிச்சுக்கறேன். நான் மொழிபெயர்ப்பு வேலை பாக்கறேன், தினமும் இந்த மாதிரி வாக்கியங்கள திருத்துறதுதான் பொழப்பு. அரைகுறை, உங்க மெயில்ல இருக்கற தப்பு எல்லாமே கிட்டத்தட்ட தமிழ் தப்புங்க. அதாவது நீங்க இங்கிலீஷ் தெரியாம எழுதல, தமிழ ரொம்ப சரியா இங்கிலீஷ்ல எழுதியிருக்கீங்க. வரி வரியா பாப்போம்.

முதல் வரி. "மூணு வருஷமா வேலை பாக்கறேன்". தமிழ்ல இது நிகழ்காலம். அதனாலதான் "ஐ ஆம் ஒர்க்கிங்"னு கை போகுது. இங்கிலீஷ்ல முன்னாடியே ஆரம்பிச்சு இன்னும் ஓடிட்டு இருக்கற வேலைக்கு வெறும் நிகழ்காலம் பத்தாது, "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்"னு வரணும். அடுத்தது சின்ஸா ஃபாரா. இதுக்கு தமிழ்லயே பதில் இருக்கு. "2019ல இருந்து"ன்னு சொல்ற இடத்துல சின்ஸ், "மூணு வருஷமா"ன்னு சொல்ற இடத்துல ஃபார். "காலைல இருந்து" சின்ஸ், "ரெண்டு மணி நேரமா" ஃபார். "ல இருந்து" வந்தா சின்ஸ், கடைசில "ஆ" வந்தா ஃபார், அவ்ளோதான். உங்க வரி "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் இன் திஸ் டீம் ஃபார் த்ரீ இயர்ஸ்"னு ஆகும். அமெரிக்கா ஆளுங்க "ஆன் திஸ் டீம்"பாங்க, பிரிட்டிஷ்காரங்க "இன்"பாங்க, அதுக்கெல்லாம் தலைய உடைச்சுக்க வேணாம்.

ரெண்டாவது வரி. "டிஸ்கஸ்" வந்தா "அபவுட்" வராது. நம்ம "பத்தி பேசினேன்"ல இருக்கற "பத்தி" உள்ள பூந்துடுது. டிஸ்கஸ்ங்கற வார்த்தைக்குள்ளயே "பத்தி" இருக்கு. டாக் போட்டா அபவுட் வேணும், டிஸ்கஸ் போட்டா வேணாம். அப்புறம் "யெஸ்டர்டே"ன்னு நாள் சொல்லிட்டா ஹேவ் கூடாது, "டிஸ்கஸ்ட்" மட்டும். இத பத்தி தனியா சொல்றேன், பெரிய கதை.

மூணாவது வரி எனக்கு பிடிச்ச தப்பு. தமிழ்ல "அவர் அனுப்பறேன்னு சொன்னாரு"ன்னு சொல்றோம் இல்லியா, அதுல "அனுப்பறேன்" யாரோட பேச்சு? அவரோட பேச்சு. நம்ம "னு" அடுத்தவங்க பேச்ச ரெக்கார்ட் பண்ண மாதிரி அப்படியே தூக்கிட்டு வந்துடும். இங்கிலீஷ் "தட்" அப்படி தூக்காது. "ஹி டோல்ட் தட் ஐ வில் சென்ட்"னா அனுப்ப வேண்டியது நீங்கன்னு ஆயிடும்! மேனேஜர் படிச்சா "சரி அனுப்புப்பா"ன்னு உக்காந்திருப்பாரு. "ஹி செட் ஹி வுட் சென்ட் தி டீடெய்ல்ஸ்". வில் வந்து வுட் ஆகும். இன்னொன்னு, டெல்லுக்கு யார்கிட்டன்னு ஒரு ஆள் வேணும். "டோல்ட் மீ". ஆள் இல்லன்னா "செட்".

நாலு, அஞ்சு யாராவது எடுங்க, எனக்கு ஒரு டெட்லைன் இருக்கு.

அரைகுறை:
அய்யய்யோ அந்த ஃபைல நான் அனுப்பறேன்னு சொன்ன மாதிரியா ஆகியிருக்கு?? அதான் அவரு பதிலே போடல போல 😭

ராப்பறவை:
நாலாவது நான் எடுக்கறேன், என் ஸ்பெஷல் ஏரியா. "டிட் நாட் ரிசீவ்டு". இத நான் எப்படி நிறுத்துனேன்னா தமிழ்ல யோசிச்சு பாருங்க, "எனக்கு வந்துச்சு"ன்னு சொல்றோம், இல்லன்னு சொல்லணும்னா "வந்துச்சு இல்ல"ன்னா சொல்றோம்? "வரல". வர பிளஸ் இல்ல. "போனேன்" ஆனா "போகல". இல்லங்கறது வந்ததும் வினைச்சொல் காலத்த கழட்டி வச்சிட்டு மொட்டையா வந்து நிக்குது. இங்கிலீஷும் அதேதான், "டிட் நாட் ரிசீவ்". டிட் ஏற்கனவே பாஸ்ட், திரும்ப ஒரு பாஸ்ட் எதுக்கு. "டிட் நாட் வென்ட்"னு எழுதறப்போ "நான் போனேன் இல்ல"ன்னு ஒரு தடவ சொல்லி பாப்பேன், எனக்கே சிரிப்பு வந்துடும், கை தானா திருத்திடும்.

முடியும், வேணும் எல்லாம் கூட அப்படித்தான். "போக முடியும்", "போகணும்". கேன் கோ, மஸ்ட் கோ. அதனால "ஷி கேன் கோஸ்", "ஹி மஸ்ட் வென்ட்" எல்லாம் வரவே வராது.

வாத்தியார் ஓய்வில்:
ராப்பறவை, இவ்வளவு வருஷம் சொல்லிக் கொடுத்தும் "போகல"ய இப்படி உதாரணமா எனக்கு தோணினதில்ல. நல்லா இருக்கு. ஆனா கேள்வில நம்ம தமிழ் கை கொடுக்காது, பாத்துக்குங்க. "போனியா?"ன்னு வாக்கியத்த அப்படியே வச்சு கடைசில ஒரு "ஆ" போட்டா நமக்கு கேள்வி ஆயிடுது, காலமும் அங்கேயே இருக்கும். அதனால "டிட் யூ வென்ட்"தான் வாய்ல வரும். "டிட் யூ கோ"தான் சரி.

"இன்ஃபர்மேஷன்ஸ்" கூடாது, இன்ஃபர்மேஷன் மட்டும். அட்வைஸ், ஃபர்னிச்சர், எக்விப்மென்ட், லக்கேஜ், ஹோம்ஒர்க் எல்லாம் இந்த வகை. இதுக்கு தர்க்கமெல்லாம் கேக்காதீங்க, மனப்பாடம்தான். "தகவல்கள்", "அறிவுரைகள்"னு நாம தாராளமா கள் போட்டு பழகிட்டோம், அந்த பழக்கம்.

அஞ்சாவது வரி. "வேர் இஸ் தி ஃபைல்?" நேரா கேட்டா சரி. "எங்க இருக்குன்னு தெரியல"ன்னு உள்ள ஒளிஞ்ச கேள்வியா வந்தா வரிசை சாதாரண வாக்கியம் மாதிரி ஆயிடணும், "ஐ டோன்ட் நோ வேர் தி ஃபைல் இஸ்". "குட் யூ டெல் மீ வாட் டைம் இட் இஸ்". இதுலயும் குற்றவாளி நிலாமுற்றம் சொன்ன அதே "னு"தான். கேள்விய அப்படியே தூக்கிட்டு வருது.

சும்மாவந்தேன்:
நான் சும்மா எட்டி பாக்க வந்தேன், நோட்டு எடுத்துட்டு உக்காந்துட்டேன். அப்படியே ஏ, ஆன், தி சொல்லிடுங்க. எனக்கு அது மட்டும் சுட்டு போட்டாலும் வராது.

நிலாமுற்றம்:
டெட்லைன் முடிஞ்சுது. சும்மாவந்தேன், "ஓர் ஊர்", "ஒரு வீடு" ஸ்கூல்ல படிச்சது ஞாபகம் இருக்கா? உயிரெழுத்துல ஆரம்பிச்சா ஓர், மத்ததுக்கு ஒரு. ஏ, ஆன் அதே ரூல்தான். இன்னும் சொன்னா, ஒன்னுங்கற எண்ணுல இருந்து நமக்கு ஒரு வந்த மாதிரி அவங்க ஆனும் பழைய இங்கிலீஷ்ல ஒன்னுக்கான வார்த்தைல இருந்து வந்ததுதான், முதல்ல இருந்தது ஆன், அது தேஞ்சு ஏ ஆச்சு. அது ஒட்டிக்கிட்டு பண்ண கூத்தும் உண்டு. ஏப்ரன் ஒரு காலத்துல "நேப்ரன்". "ஏ நேப்ரன்"னு வேகமா சொல்லி சொல்லி "ஆன் ஏப்ரன்"னு காதுல விழுந்து அந்த "ந்" அந்தப்பக்கம் குதிச்சிடுச்சு.

முக்கியம் என்னன்னா எழுத்து இல்ல, சத்தம். அதுக்கு இந்த இழைல நாம பண்ற வேலையே போதும், வார்த்தைய தமிழ்ல எழுதி பாருங்க. "யூனிவர்சிட்டி" ய-ல ஆரம்பிக்குது, உயிர் இல்ல, அதனால ஏ யூனிவர்சிட்டி. ஹவர்ல எச் சத்தமே கிடையாது, உச்சரிக்கறபடி எழுதினா "அவர்", அதனால ஆன் அவர். "எக்ஸ்ரே", "எம்பிஏ" எ-ல ஆரம்பிக்குது, ஆன்.

குறுக்குசால்:
உங்க டெஸ்ட் "ஒன் வே"ங்கற வார்த்தைல அடி வாங்கும். தமிழ்ல "ஒன்"னுதான் எழுதறோம், ஒ உயிர். அப்போ "ஆன் ஒன் வே ரோடு"ங்களா? 😏

நிலாமுற்றம்:
நல்லா பிடிச்சீங்க. அது "வன்". எழுதறது ஒன், சொல்றது வன், அதனால ஏ. நம்ம வாய்க்கு ஒ, எ முன்னாடி சின்னதா ஒரு வ, ய சேக்கற வழக்கம் உண்டு, "ஒன்னு"ங்கறது "வொன்னு"ன்னு வரும், "எலி" "யெலி" ஆகும். அதனாலயே "ஏ யெக்ஸாம்பிள்"னு வந்து நிக்கும். ஆன் எக்ஸாம்பிள்தான். இந்த ரெண்டு எழுத்துல மட்டும் டிக்ஷனரி ஆடியோ கேட்டுக்கறது நல்லது.

தி-க்கு வரேன். "புக் படிச்சேன்", "புக்க படிச்சேன்". ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுதில்ல? முதல்ல ஏதோ ஒரு புக், ரெண்டாவது கேக்கறவருக்கும் தெரிஞ்ச அந்த குறிப்பிட்ட புக். முதல்ல வர்றது ஏ புக், ரெண்டாவது தி புக். தமிழ்ல ஆர்டிகிள் இல்ல இல்லன்னு சொல்றோமே, அந்த வேலைய ரெண்டாம் வேற்றுமை "ஐ" ஓரளவு பாத்துட்டுதான் இருக்கு. ஓரளவுதான். மனுஷங்களுக்கு "ஐ" பெரும்பாலும் போட்டுடுவோம், "ஒரு டாக்டர பாத்தேன்"ம்போம், அது ஏ டாக்டர்தான். எழுவாய்க்கும் இந்த டெஸ்ட் உதவாது.

அரைகுறை:
இத ஏன் எனக்கு ஸ்கூல்ல யாரும் சொல்லல! சரி, இஸ், ஆம், ஆர் எப்போ போடணும்? நான் சில நேரம் "ஐ ஆம் கோ"ன்னு கூட எழுதியிருக்கேன், வெக்கமா இருக்கு சொல்ல.

ராப்பறவை:
வெக்கம் என்ன ப்ரோ. "நான் ரெடி", "அவ டீச்சர்", "இது என் பைக்". இதுல வினைச்சொல் எங்க இருக்கு? இல்லவே இல்ல. தமிழ்ல வினைச்சொல் இல்லாமலே வாக்கியம் நிக்கும், இங்கிலீஷ்ல நிக்காது, அந்த காலி இடத்துல இஸ், ஆம், ஆர் ஒன்ன நட்டு வைக்கணும். ஐ ஆம் ரெடி, ஷி இஸ் ஏ டீச்சர். தமிழ்ல ஏற்கனவே ஒரு வினை இருந்தா, "நான் தினமும் போறேன்" மாதிரி, ஆம் வேணாம், ஐ கோ டெய்லி. "போயிட்டு இருக்கேன்"னா ஆம் கோயிங்.

குறுக்குசால்:
அப்போ "வச்சிருக்கேன்"? அதுலயும் "இருக்கேன்" இருக்கே. அதான் ஊரே "ஐ ஆம் ஹேவிங் டூ பைக்ஸ்"னு சொல்லிட்டு திரியுது.

வாத்தியார் ஓய்வில்:
தம்பி இன்னிக்கு ஃபார்ம்ல இருக்கீங்க. "ட்டு இருக்கேன்" வேற, "வச்சிருக்கேன்" வேற. முதலாவதுல வேலை நடந்துட்டு இருக்கு. ரெண்டாவதுல வேலை ஒன்னும் நடக்கல, ஒரு நிலைமை மட்டும் இருக்கு. சொந்தமா இருக்கறதுக்கு ஐஎன்ஜி வராது, ஐ ஹேவ் டூ பைக்ஸ். தெரியும், பிடிக்கும், வேணும், புரியுது எல்லாம் இப்படித்தான். "எனக்கு தெரிஞ்சுட்டு இருக்கு"ன்னு நாம சொல்ல மாட்டோமே, அதே மாதிரி "ஐ ஆம் நோயிங்"கும் கிடையாது. ஆனா "ஹேவிங் ஏ மீட்டிங்" சரி, அங்க ஹேவ்க்கு வச்சிருக்கறதுன்னு அர்த்தம் இல்ல, நடத்தறதுன்னு அர்த்தம்.

"உக்காந்திருக்கேன்" மட்டும் எதிர்மாறா போகும். நமக்கு உக்காந்து முடிச்ச நிலைமை, அவங்களுக்கு ஐ ஆம் சிட்டிங்.

அரைகுறை:
நிலாமுற்றம் மேடம், ஹேவ் கதை சொல்றேன்னீங்களே?

நிலாமுற்றம்:
சொல்றேன். "பாத்தேன்" ஐ சா, "பாத்திருக்கேன்" ஐ ஹேவ் சீன். பாதி தூரம் தமிழ் ரொம்ப அழகா கூட வரும். "நான் யானைய கிட்ட போய் பாத்திருக்கேன்", எப்போன்னு முக்கியமில்ல, அந்த அனுபவம் எனக்கு இருக்கு. அது ஹேவ் சீன். ஆனா தமிழ்ல "போன வருஷம் பாத்திருக்கேன்"னும் சொல்லிடலாம், யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க. இங்கிலீஷ்ல யெஸ்டர்டே, லாஸ்ட் இயர், இன் 2015ன்னு முடிஞ்சு போன ஒரு நேரத்த சொன்ன அடுத்த நொடி ஹேவ் வெளிய போயிடணும். ஐ சா இட் லாஸ்ட் இயர். அலுவலக மெயில்ல நான் திருத்தறதுல ரொம்ப அடிக்கடி வர்றது இதுதான். "ஐ ஹேவ் சென்ட் தி மெயில் யெஸ்டர்டே". நேத்து வேணும்னா ஹேவ எடுங்க, ஹேவ் வேணும்னா நேத்த எடுங்க.

சும்மாவந்தேன்:
அப்படியே "எஸ்". ஹி கோஸ், தே கோ.

ராப்பறவை:
எனக்கு யாரோ சொன்ன குறுக்குவழி, எழுவாய்ல இல்லன்னா வினைல, ரெண்டுல ஒரு இடத்துலதான் எஸ். "தி பாய் ரன்ஸ்", "தி பாய்ஸ் ரன்". மென், சில்ட்ரன் எல்லாம் எஸ் இல்லாத பன்மை, ஐ, யூ, வி, தே வந்தாலும் வினைல எஸ் கிடையாது, அங்கெல்லாம் கவனம். நாம போறேன், போறான், போறா, போகுது, போறாங்கன்னு ஆளுக்கொரு வால் வச்சிருக்கோம், அவங்க ஒரே ஒரு எஸ்தான் வச்சிருக்காங்க, அதையும் மறந்துடறோம் 😂

குறுக்குசால்:
யூ ஒரு ஆள்தானே, அப்புறம் ஏன் "யூ ஆர்"? இதுக்கு யாரும் ஒழுங்கா பதில் சொன்னதில்ல.

வாத்தியார் ஓய்வில்:
நீ, நீங்க வித்தியாசம்தான். ஒரு காலத்துல அவங்களுக்கும் "நீ"ன்னு தனியா ஒரு வார்த்தை இருந்தது, "தௌ". 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல பக்கத்துக்கு பக்கம் பாக்கலாம். யூ பன்மைக்கும் மரியாதைக்கும். நாளாக நாளாக எல்லாரையும் "நீங்க"ன்னே கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க, தௌ வழக்கொழிஞ்சு போச்சு. "நீங்க வந்தீங்க"ன்னு ஒரே ஆளுக்கு பன்மை வினை நாம போடறதில்லையா? அதேதான் யூ ஆர்.

குறுக்குசால்:
சரி, இது சூப்பர். ஒத்துக்கறேன். ஆனா வாக்கியத்த ப்ரெபொசிஷன்ல, அதான் இன், அட், டு மாதிரி வார்த்தைல, முடிக்க கூடாதுன்னு எங்க டீச்சர் ஸ்கேலால அடிச்சதுக்கு என்ன நியாயம்?

வாத்தியார் ஓய்வில்:
நியாயமே இல்ல, நானும் அந்த பாவத்த பண்ணியிருக்கேன். 1672ல ஜான் டிரைடன்ங்கற கவிஞர் தனக்கு முந்தின தலைமுறை எழுத்தாளர் ஒருத்தர இதுக்காக குறை சொன்னாரு. அப்புறம் 1762ல ராபர்ட் லவுத்னு ஒரு பாதிரியாரோட இலக்கண புத்தகம் வந்துது, அவரே இது பேச்சுல சகஜம்னு ஒத்துக்கிட்டு, கம்பீரமான எழுத்துக்கு அந்த பழக்கம் வேணாம்னாரு. பின்னாடி வந்தவங்க அத இரும்பு ரூலா ஆக்கிட்டாங்க. "ஹூ ஆர் யூ டாக்கிங் டு?" முழுக்க சரியான இங்கிலீஷ்.

ப்ரெபொசிஷன்ல உண்மையான தலைவலி வேற. நம்ம ஒரே "ல" இன், ஆன், அட் மூணு வேலையும் பாக்குது. நேரத்துக்கு பெருசுல இருந்து சிறுசுன்னு வச்சுக்கலாம், வருஷம் மாசம் இன், கிழமை தேதி ஆன், மணி அட். இடத்துக்கு இந்த கணக்கு பாதிதான் வரும். பஸ், ட்ரெயின்னா ஆன், கார்னா இன். உள்ள எழுந்து நடக்க முடிஞ்ச வண்டிக்கு ஆன்னு பசங்களுக்கு சொல்லுவேன், சைக்கிள்ல நடக்க முடியுமா சார்னு ஒரு பொண்ணு கேட்டதோட நிறுத்திட்டேன்.

குறுக்குசால்:
ஹாஹா. எல்லாம் சரி சார், ஆனா பேசும்போது இப்படி ஒவ்வொன்னா தமிழ்ல டெஸ்ட் வச்சுட்டு இருந்தா எதிர்ல இருக்கறவன் தூங்கிடுவான். அத மட்டும் விட்டு கொடுக்க மாட்டேன்.

நிலாமுற்றம்:
பேசும்போது வைக்காதீங்க. தப்பா வந்தாலும் பேசிட்டு போங்க. இது எழுதி முடிச்சு அனுப்பற பட்டன் அமுக்கறதுக்கு முன்னாடி பாக்கறதுக்கு. அதுவும் எல்லாத்துக்கும் இல்ல, உங்களுக்கு அடிக்கடி வர்ற மூணு தப்ப மட்டும் பிடிச்சு வச்சுக்குங்க. அரைகுறைக்கு சின்ஸ், ஹேவ், "னு". கொஞ்ச நாள்ல வாய்க்கும் அது வந்துடும்.

அரைகுறை:
மக்களே, திருத்தி எழுதிட்டேன், பாருங்க.

"ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் இன் திஸ் டீம் ஃபார் த்ரீ இயர்ஸ். யெஸ்டர்டே ஐ டிஸ்கஸ்ட் தி ப்ராஜெக்ட் வித் மேனேஜர். ஹி செட் ஹி வுட் சென்ட் தி டீடெய்ல்ஸ். பட் ஐ டிட் நாட் ரிசீவ் எனி இன்ஃபர்மேஷன். ஐ டோன்ட் நோ வேர் தி ஃபைல் இஸ்."

நிலாமுற்றம்:
ஒன்னே ஒன்னு. வித் தி மேனேஜர். நாலாவது வரில இன்னும் வரலன்னு சொல்ல வர்றதால "ஐ ஹேவ் நாட் ரிசீவ்டு"ன்னா இன்னும் பொருத்தம், ஆனா நீங்க எழுதினது தப்பு இல்ல.

அரைகுறை:
தி-யா? "மேனேஜர்கிட்ட"ல "ஐ" இல்லையே மேடம், உங்க டெஸ்ட்படி வரக்கூடாதே?

நிலாமுற்றம்:
"கிட்ட"க்கு அந்த டெஸ்ட் வேலை செய்யாது. மெயில் படிக்கறவர் "எந்த மேனேஜர்?"னு திருப்பி கேப்பாரா?

அரைகுறை:
மாட்டாரு. எங்களுக்கு இருக்கறதே ஒருத்தர்தான்.

நிலாமுற்றம்:
அப்போ தி போட்டு அனுப்புங்க.